மார்கழிக் காலையில் வெள்ளைப் புகை... நீராவியா, இன்ஜின் கோளாறா?

கார், குட்டியானை, டிராக்டர்... எந்த வண்டியாக இருந்தாலும், பனிக்காலத்தில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அதற்காக அலட்சியமாக விடவும் கூடாது. எது சாதாரணம், எது ஆபத்து என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கும் வழிகள் இங்கே...

திருவள்ளூர் மாவட்டத்தில் மார்கழி, தை மாதங்களில் பொழுது விடியும் முன்பே வண்டிகள் கிளம்பிவிடும். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கத்து ஊர்களில் இருந்து கீரையும் காய்கறியும் பூவும் ஏற்றிக்கொண்டு குட்டியானைகள் கோயம்பேட்டுக்குப் புறப்படும். பால் கேன் எடுக்கும் வண்டிகள் தெருத்தெருவாக நிற்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றும் வேன்களும் கார்களும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையை நோக்கி ஓடும். இவற்றில் பெரும்பாலான வண்டிகளின் பின்னால், சாவியைத் திருப்பியதும் வெள்ளை வெளேரென்று புகை கிளம்புவதைப் பார்க்கலாம்.

இந்தப் புகையால் விவசாயக் குடும்பங்கள் இரண்டு விதமாக ஏமாறுகின்றன. ஒன்றுமே இல்லாத வெறும் நீராவியைப் பார்த்துப் பயந்து, "ஹெட் போயிடுச்சு அண்ணே, இன்ஜினை இறக்கணும்" என்ற பேச்சை நம்பிக் காசை இழப்பது ஒரு விதம். உண்மையிலேயே இன்ஜினுக்குள் தண்ணீர் கசியும்போது, "பனிதானே, வெயில் வந்தா சரியாயிடும்" என்று விட்டுவிட்டு, ஒரு போக வருமானத்தை மொத்தமாகப் பணிமனையில் கொட்டுவது இன்னொரு விதம். கடன் வாங்கி வாங்கிய வண்டி நின்றுபோனால் தவணை மட்டும் நிற்காது. அதனால், இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்வது வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அவசியம்.

ஒரு லிட்டர் பெட்ரோல்... ஒரு லிட்டர் தண்ணீர்!

பெட்ரோல், டீசல் இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எரியும்போது, அந்த ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராக மாறுகிறது. கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சைலன்சர் வழியே வெளியேறுகிறது. டீசலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். நடுப்பகலில் இந்த ஆவி கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கரைந்துவிடும். பனிக்காலக் காலையில் காற்று குளிர்ந்து, ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அதில் போய்ச் சேரும் சூடான ஆவி, சட்டென்று நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி வெள்ளையாகத் தெரிகிறது. குளிர்காலத்தில் வாயைத் திறந்து ஊதினால் புகைபோல வருமே, அதே சங்கதிதான்.

வண்டி இரவு முழுக்க நின்றிருந்தால் சைலன்சர் குழாயும் குளிர்ந்து கிடக்கும். முந்தைய நாள் ஓட்டத்தின் ஆவி குழாயின் உள்ளே தண்ணீராகப் படிந்திருக்கும். காலையில் இன்ஜினைப் போட்டதும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து ஆவியாகும். குழாய் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவதற்கும் இதுவே காரணம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இது கொஞ்சம் அதிகமாகவே தெரியும். கிழக்கே வங்கக்கடலும் பழவேற்காடு ஏரியும், மேற்கே பூண்டி நீர்த்தேக்கமும், நடுவில் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகளும் நெல் வயல்களும் இருக்கின்றன. ஊட்டி அளவுக்குக் குளிர் இல்லாவிட்டாலும், காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை.

ஆலைப் புகைபோக்கி சொல்லும் பாடம்

நீராவியையும் உண்மையான புகையையும் பிரிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஆலைகளின் புகைபோக்கியைத் தினமும் பார்த்திருப்பார்கள். சில குழாய்களில் வரும் வெள்ளை மேகம், முனையில் இருந்து சற்று இடைவெளி விட்டுத் தொடங்கும். கொஞ்ச தூரம் போனதும் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். அது பெரும்பாலும் நீராவி. வேறு சில குழாய்களில் வருவது குழாயை ஒட்டியே தொடங்கி, தூரம் போனாலும் கலையாமல் ஒரு படலமாக மிதக்கும். அதில் தூசியோ எரியாத பொருளோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

கார் சைலன்சருக்கும் இதே விதிதான். பின்னால் சில அடி தூரத்திலேயே கலைந்து மறைந்தால், அது நீராவி. தெருவை அடைத்துக்கொண்டு, கனமாக, தரையோடு தவழ்ந்து நீண்ட நேரம் நின்றால், அதில் வேறு ஏதோ இருக்கிறது. அது எரியாத டீசலாகவோ, கூலன்டாகவோ, இன்ஜின் ஆயிலாகவோ இருக்கலாம்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

புகையின் நிறத்தைவிட, அது எவ்வளவு நேரம் வருகிறது என்பதுதான் முக்கியம். பெட்ரோல் காரில் வெறும் நீராவி என்றால், வண்டி கிளம்பி ஐந்து, பத்து நிமிடம் ஓடி சைலன்சர் சூடானதும் குறைந்து நின்றுவிடும். வெயில் ஏறிய பிறகு ஒன்பது, பத்து மணிக்கு வண்டியை எடுத்தால் அநேகமாகத் தெரியவே தெரியாது.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, மத்தியான வெயிலிலும் வருகிறது, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அதைப் பனியின் கணக்கில் எழுதக் கூடாது. டெல்லி, காஷ்மீர் போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் ஓடுகிற வண்டியிலும் ஆவி தொடர்ந்து தெரியும். திருவள்ளூர் வெயிலில் அப்படித் தெரிய வாய்ப்பே இல்லை.

டீசல் வண்டியில் வேறு கதை

டிராக்டர், குட்டியானை, பழைய டீசல் கார்களில் காலையில் வரும் வெள்ளைப் புகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல், 1897-ம் ஆண்டு வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இன்றும் அப்படித்தான். சிலிண்டருக்குள் காற்றைப் பல மடங்கு அழுத்தும்போது, அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில்தான் நாசில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகத் தீப்பிடிக்கிறது.

அந்தச் சூடு போதவில்லை என்றால், டீசல் எரியாமல் பனித்துளிபோல வெளியே வரும். இதுவும் வெள்ளையாகவே இருக்கும்; ஆனால், பச்சை டீசல் வாடை அடிக்கும், கண் எரியும். குளிர்ந்த இன்ஜினில் முதல் ஒரு நிமிடம் இப்படி வருவது பழைய டிராக்டர்களில் சகஜம். அதற்கு மேல் நீடித்தால் காரணங்கள் இவைதான்...

பேட்டரி சார்ஜ் இறங்கி, செல்ஃப் எடுக்கும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றும். காற்று போதிய வேகத்தில் அழுத்தப்படாமல் சூடு ஏறாது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டிகளில் அது பழுதாகியிருக்கலாம். நாசில் தேய்ந்து, டீசலைப் பொடித்துளியாகத் தெளிக்காமல் தாரையாக ஊற்றலாம். பம்ப் டைமிங் தள்ளிப்போயிருக்கலாம். பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்து கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

இந்த வரிசையில், முதலில் வரும் கோளாறுகள் செலவு குறைந்தவை. கம்ப்ரஷன் குறைவுதான் பெரிய செலவு. எனவே, பேட்டரியையும் ஹீட்டர் பிளக்கையும் டீசல் ஃபில்டரையும் பார்க்காமல், எடுத்தவுடன் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டாம்.

டீசலில் தண்ணீர் சேர்வதற்கு விவசாயிகளே காரணமாகிவிடுவதும் உண்டு. அரை டேங்க் டீசலோடு வண்டியை நிறுத்தினால், காலியிடத்தில் உள்ள ஈரக்காற்று இரவுக் குளிரில் நீர்த்துளியாகி டேங்கின் அடியில் இறங்கும். பனிக்காலத்தில் வேலை முடிந்து நிறுத்தும்போதே டேங்கை நிரப்பி வைப்பதும், ஃபில்டருக்குக் கீழே உள்ள வடிகால் திருகை அவ்வப்போது திறந்து தண்ணீரை வடித்துவிடுவதும் நல்ல பழக்கம்.

கூலன்ட் குறைந்தால்தான் உண்மையான ஆபத்து

இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக். மேலே மூடிபோல உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். சிலிண்டருக்குள் நடக்கும் வெடிப்பையும், சுற்றி ஓடும் கூலன்டையும், இன்ஜின் ஆயிலையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைப்பது இந்தத் தகடுதான்.

கூலன்ட் குறைந்தோ, ரேடியேட்டர் அடைத்தோ, ஃபேன் பெல்ட் அறுந்தோ இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால், அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கேஸ்கெட் வாய்விடும். வண்டியை நிறுத்திய பிறகும் ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கும் அல்லவா? அந்த அழுத்தத்தில் கூலன்ட் இரவில் மெல்ல மெல்ல சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் வண்டியைப் போட்டதும் அது கொதித்து, அடர்த்தியான வெள்ளைப் புகையாக வெளியேறும். லேசான தித்திப்பு வாடை இருக்கும். சில விநாடிகள் இன்ஜின் ஒரு சிலிண்டரில் அடிக்காமல் தடுமாறும், பிறகு சரியாகிவிடும். 'சரியாகிவிட்டதே' என்று நினைப்பதுதான் இதில் உள்ள பொறி.

கசிவு அதிகமானால் சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. செல்ஃப் எடுத்ததும் மேலே வரும் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் ஆயிலோடு கலந்தால் பேரிங்குகள் தேயும். கேஸ்கெட் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, முழு இன்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான்.

சில டீசல் வண்டிகளில் புகையைக் குளிர்வித்துத் திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். கூலர் என்ற பாகம் இருக்கும். அது ஓட்டையானாலும் கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும். அப்போது ஹெட்டைக் கழற்றுவது வீண் வேலை. எனவே, எங்கே கசிகிறது என்று சோதித்துப் பார்த்த பிறகே எதையும் பிரிக்க வேண்டும்.

மீஞ்சூர் தண்ணீரும் ரேடியேட்டரும்

'ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால், மோட்டார் கொட்டகையில் ஒரு குடம் பிடித்து ஊற்றினால் போச்சு' என்பது கிராமங்களில் பலருடைய வழக்கம். திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதிகளில் இந்த வழக்கம்தான் பல இன்ஜின்களுக்கு எமன்.

ஆரணியாறு, கொசஸ்தலையாறு இரண்டுக்கும் நடுவில் உள்ள மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நல்ல நிலத்தடி நீர் இருந்ததால், சென்னையின் குடிநீருக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கே கிணறுகள் அமைத்துப் பல பத்தாண்டுகள் தண்ணீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கும் இறைக்கப்பட்டது. மழையால் ஊறியதைவிட அதிகமாக எடுத்ததால், மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்த 1987-ம் ஆண்டு சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கெனத் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. ஒரு காலத்தில் சென்னைக்கு நிலத்தடி நீர் கொடுத்த மீஞ்சூரின் பெயரில், 2010-ம் ஆண்டு காட்டுப்பள்ளியில் தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

அந்த உப்பு, பயிரை மட்டும் பாதிப்பதில்லை. உவர்நீரில் உள்ள குளோரைடு, அலுமினிய ஹெட்டையும் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அரிக்கும். உள்பகுதிகளில் பிரச்னை வேறு. அங்கே தண்ணீரின் கடினத்தன்மைதான் எதிரி. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவம் இன்ஜினின் நீர்ப்பாதையிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். சூடு வெளியேறாது. இன்ஜின் கொதிக்கும். ஹெட் வளையும். கடைசியில் ஒருநாள் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். நோய் வருவது சைலன்சரில் தெரிந்தாலும், விதை போட்டது அந்த ஒரு குடம் போர் தண்ணீர்தான்.

வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்டையே ஊற்ற வேண்டும். கலந்து விற்கும் கூலன்ட் என்றால் அப்படியே ஊற்றலாம். கெட்டியான கூலன்ட் என்றால், டப்பாவில் சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். இது உறையாமல் இருக்க மட்டும் அல்ல. துருவைத் தடுக்கவும், கொதிநிலையை உயர்த்தவும்தான். எனவே, 'நம்ம ஊருக்கு எதுக்கு கூலன்ட்?' என்ற கேள்விக்கு இடமில்லை. வழியில் வேறு வழியே இல்லாமல் சாதாரணத் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், வீடு வந்ததும் முழுவதும் வடித்து, கழுவி, புதுக் கூலன்ட் நிரப்பிவிட வேண்டும்.

வீட்டு வாசலில் ஆறு சோதனைகள்

1. நேரம்: தொடர்ந்து ஒரு வாரம், புகை எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. கூடிக்கொண்டே போனால் கவனம் தேவை.

2. கண்ணாடிச் சோதனை: சுத்தமான கண்ணாடித் துண்டு அல்லது சில்வர் தட்டை, சைலன்சருக்கு ஓர் அடி தூரத்தில் சில விநாடிகள் பிடியுங்கள். வாடையில்லாத தெளிந்த நீர்த்துளி படிந்தால் நீராவி. பிசுபிசுப்பும் டீசல் வாடையும் இருந்தால் எரியாத எரிபொருள். பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். முகத்தைக் குழாய்க்கு நேராகக் கொண்டுபோக வேண்டாம்.

3. கூலன்ட் அளவு: காலையில், வண்டியைப் போடும் முன்பு, கூலன்ட் டப்பாவில் உள்ள அளவை ஒரு பேனாவால் கோடிட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து, அதேபோல ஆறிய நிலையில் பாருங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் அளவு குறைந்தால், அது உள்ளே போகிறது என்று பொருள்.

4. ஆயில் நிறம்: டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ, அளவு கூடியிருந்தாலோ தண்ணீர் கலந்துவிட்டது. அதன் பிறகு வண்டியைப் போடவே கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசான வெள்ளைப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் பனிக்காலத்தில் ஈரம் அப்படிப் படிவது உண்டு.

5. குமிழி: இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியைப் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு குமிழி வந்து நிற்பது சகஜம். தொடர்ந்து கொப்பளித்தால், சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் வருகிறது.

6. வெப்ப முள்: வழக்கத்தைவிட மேலே ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் வளைகிறது.

ஒரு எச்சரிக்கை... சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் மார்பையும் வெந்துபோகச் செய்துவிடும்.

பணிமனையில் கேட்க வேண்டியவை

ஹெட்டைக் கழற்றும் முன்பு, கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். கை பம்பால் அழுத்தம் கொடுத்து, அது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற ரசாயனச் சோதனையும் உண்டு. சிலிண்டர் வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். டீசல் வண்டி என்றால், நாசில்களைக் கழற்றி டெஸ்ட் மேடையில் தெளித்துக் காட்டச் சொல்லலாம். கம்ப்ரஷன் அளவையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எழுதி வாங்கலாம். சில நேரங்களில் கோளாறு ரேடியேட்டர் மூடியிலோ தெர்மோஸ்டாட்டிலோ முடிந்துவிடும்.

கேஸ்கெட் போனது உறுதியானால், புது கேஸ்கெட்டை மட்டும் போட்டு மூடிவிடக் கூடாது. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, வளைவைச் சமன்படுத்த வேண்டும். போல்ட்டுகளை நிறுவனம் சொன்ன வரிசையிலும் அளவிலும் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். முதலில் இன்ஜின் ஏன் சூடானது என்ற காரணத்தையும் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் புது கேஸ்கெட்டும் சில மாதங்களில் போய்விடும். மாற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதுதான் பார்க்கப் போக வேண்டும். "இப்பதான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்" என்று சொல்லி, சூடான வண்டியைக் காட்டினால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். முதல் ஸ்டார்ட்டில் வரும் புகை, கூலன்டின் நிறம், ஆயில் மூடி, டிப் ஸ்டிக் இந்த நான்கையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ரேடியேட்டரில் துருநிறத் தண்ணீர் இருந்தால், அந்த வண்டி கூலன்டையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மாட்டுக்கும் நாய்க்கும் ஆபத்து

கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும். ஆனால், சிறுநீரகத்தை அழிக்கும் கடுமையான விஷம். வடித்த கூலன்டைத் தட்டிலோ வாளியிலோ திறந்து வைத்தால், நாயும் மாடும் கன்றும் குடித்துவிடும். குழந்தைகளும் வாயில் வைத்துவிடலாம். வாய்க்காலிலும் கிணற்றடியிலும் ஊற்றக் கூடாது. மூடிய கேனில் பிடித்து, பணிமனையில் ஒப்படைத்துவிடுங்கள். தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

இன்னொன்று, கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு இன்ஜினைச் சூடேற்றாதீர்கள். வெள்ளைப் புகை கண்ணுக்குத் தெரிகிறது. அதே சைலன்சரில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய இடத்தில் சில நிமிடங்களிலேயே மயக்கம் வந்து உயிர் போகும். வண்டியை வெளியே எடுத்து நிறுத்திய பிறகே சூடேற்றுங்கள். இன்றைய கார்களுக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும். பழைய டிராக்டருக்கு இரண்டு, மூன்று நிமிடம் கொடுக்கலாம்.

புகை நிறம்... ஒரு பார்வை

மெல்லிய வெள்ளை, சீக்கிரம் மறைவது - நீராவி. செலவு இல்லை.

வெள்ளை, டீசல் வாடை, கண் எரிச்சல் - எரியாத டீசல். பேட்டரி, ஹீட்டர் பிளக், ஃபில்டர், நாசில் என்ற வரிசையில் பார்க்கவும்.

அடர்ந்த வெள்ளை, தித்திப்பு வாடை, கூலன்ட் குறைவு - உள்ளே கசிவு. வண்டியை ஓட்டாமல் உடனே சோதிக்கவும்.

நீலம் - இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு சீல், டர்போவைப் பார்க்கவும்.

கறுப்பு - டீசல் அதிகம், காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யவும்.

வாசகர் சந்தேகங்கள்

கேள்வி: பெட்ரோல் காரை ஊருக்குள் மட்டுமே ஓட்டுகிறோம். சைலன்சரில் தண்ணீர் சொட்டுகிறது. ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: கூலன்ட் குறையவில்லை என்றால் கோளாறு இல்லை. ஆனால், சைலன்சர் முழுதாகச் சூடாகும் முன்பே வண்டியை நிறுத்தினால், தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். உள்ளே உள்ள ஈரம் வெளியேறிவிடும்.

கேள்வி: பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் வெள்ளைப் புகை வருகிறது என்கிறார்களே?

பதில்: கரும்பு, மக்காச்சோளம், அரிசியில் இருந்து எடுக்கும் எத்தனால் எரியும்போதும், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்தான் உண்டாகும். பெட்ரோலைவிட அது அதிகமில்லை. அதனால் புகைக்கு அது காரணமாக முடியாது. ஆனால், எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைப் புகை வந்தால் மாசுச் சான்று கிடைக்குமா?

பதில்: இன்ஜின் சூடான பிறகுதான் சோதிக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன் அளவைப் பார்ப்பார்கள். டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். காலை நேர நீராவியால் சான்று தடைபடாது. எரியாத டீசலோ ஆயிலோ வந்தால் தடைபடும். பி.எஸ்-4, பி.எஸ்-6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 6 மாதம். மோட்டார் வாகனச் சட்டத்தில் புகை மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதால், தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நெல் காய்ச்சலுக்கு ரோட்டில் வைக்கோல் போடும் இடத்தில் வண்டியை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. சைலன்சரும் அதனோடு சேர்ந்த வடிகட்டியும் கடுமையாகச் சூடாகும். பி.எஸ்-6 டீசல் வண்டிகளில், வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் நேரத்தில் சூடு இன்னும் அதிகம். அப்போது லேசான வெண்புகையும் தீய்ந்த வாடையும் வரலாம். அடியில் வைக்கோல் சுற்றினால் வண்டியே தீப்பற்றிவிடும். வைக்கோலைத் தாண்டி வந்ததும் இறங்கி, வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. வெள்ளம் வடிந்ததும் 'ஒருதடவை போட்டுப் பார்ப்போம்' என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், முதல் சுற்றிலேயே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படி உரிமையாளர் ஸ்டார்ட் செய்ததால் ஏற்படும் இன்ஜின் சேதத்துக்கு, பல சாதாரண காப்பீட்டு பாலிசிகளில் பணம் கிடைக்காது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் நின்ற உயரத்தோடு வண்டியைப் போட்டோ எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் பணிமனைக்குக் கொண்டுபோங்கள். ஆயில், ஃபில்டர், எரிபொருள் எல்லாவற்றையும் மாற்றி, சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது முதல் சில நிமிடங்களுக்கு வரும் வெள்ளைப் புகை, சைலன்சரில் தங்கிய தண்ணீர். அது சூடானதும் நின்றுவிட்டால் இன்ஜின் பிழைத்தது என்று நிம்மதி அடையலாம்.